இன்ஷூரன்ஸ் இருக்கு ஸார்... யாருக்கு?

சிக்னலைத் தாண்டியதும் மரத்தடியில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டுகிறார். ஓரங்கட்டுகிறீர்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ். முன்பெல்லாம் ஸீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் கசங்கிக் கிடக்கும். இப்போது மொபைலில் இருக்கிறது. அவர் பார்ப்பது ஒரே ஒரு வரி. தேதி! காலாவதி ஆகவில்லையா? "சரி, கிளம்புங்க!"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை அவ்வளவுதான். ஆனால் பணம் கட்டிய நாமும் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை என்பதுதான் விஷயம். ஓட்டலில் மெனு கார்டை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை படித்துவிட்டு "ரெண்டு இட்லி" என்று சொல்கிற ஆசாமிகள் நாம். பாலிஸியை மட்டும் படிப்பதில்லை!

சந்தேகமாக இருந்தால் பக்கத்து ஸீட்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

"ஏம்ப்பா, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"இருக்கே!"

"என்ன இன்ஷூரன்ஸ்?"

"அதான்... ஆயிரத்துச் சொச்சம் கட்டினேனே, அது!"

அந்த ஆயிரத்துச் சொச்சம் யாரைக் காப்பாற்றும், யாரை நடுரோட்டில் விட்டுவிடும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு விபத்தில் சம்பந்தப்படுவது நாலு பார்ட்டி. நம் வண்டி மோதிய ஆள், நமக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள், ஓட்டிய நாம், நாலாவதாக வண்டி. பாலிஸி இந்த நாலு பேரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சில பாலிஸிகள் ஒருவரைத் தவிர மற்ற மூவரையும் ஏறிட்டும் பார்க்காது.

கட்டாயம் என்பது எது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 146-வது பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. இல்லாமல் மாட்டிக்கொண்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் அபராதம் 4,000.

யார் இந்த தேர்டு பார்ட்டி? பாலிஸி என்பது ஓர் ஒப்பந்தம். ஃபர்ஸ்ட் பார்ட்டி நீங்கள். செகண்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூன்றாவது ஆள், ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத ஆள். காய்கறிப் பையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தபோது உங்கள் வண்டி மோதியதே, அவர்தான்!

ஆக, அரசாங்கம் வற்புறுத்தி வாங்க வைக்கிற இன்ஷூரன்ஸ் உங்களுக்கானதே இல்லை. உங்களால் கெட்டுப் போகக்கூடிய ஒரு குடும்பத்துக்கானது. பாதி குழப்பம் இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான். ஷோரூமில் "தேர்டு பார்ட்டி போதுமா, ஃபுல் இன்ஷூரன்ஸ் போடலாமா?" என்று கேட்பார்கள். கட்டாயப் பகுதியோடு உங்கள் வண்டிக்கான சேதத்தையும் சேர்த்துக்கொள்வதுதான் "ஃபுல்". ஆபீஸ் பாஷையில் பேக்கேஜ் பாலிஸி அல்லது காம்ப்ரிஹென்ஸிவ். பெயரில் "ஃபுல்" இருக்கிறதே தவிர, அதிலும் ஓட்டைகள் உண்டு. வருகிறேன்.

1. எதிரே வந்தவர்

இவர் விஷயத்தில் சட்டம் தாராளம். இறந்து போனாலோ, காயம் பட்டாலோ, டிரிப்யூனல் எவ்வளவு தீர்ப்பு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி தரவேண்டும். "தேர்டு பார்ட்டிக்கு ஏழரை லட்சம்தான் ஸார் லிமிட்!" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது அவருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு. நீங்கள் அவர் கடைக்குள் காரை விட்டு ஷட்டரை நெளித்தால் கார் பாலிஸியில் ஏழரை லட்சம் வரை, பைக் பாலிஸியில் ஒரு லட்சம் வரை. உயிருக்கும் உடம்புக்கும் அந்த வரம்பு கிடையாது.

எவ்வளவு வரும்? பி.காம். படித்த தோஷம், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தனியார் கம்பெனி ஊழியர். வயது 30. மனைவி, இரண்டு குழந்தைகள். அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2009-லும் 2017-லும் சுப்ரீம் கோர்ட் வகுத்துக் கொடுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காகச் சம்பளத்தோடு 40 சதவிகிதம் சேர்க்க வேண்டும். 28,000 ஆயிற்றா? பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு 3,36,000. அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 2,24,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17.

மொத்தம் 38,08,000 ரூபாய். ஈமச் செலவு, மனைவி குழந்தைகளின் இழப்பு வகையறாவுக்குத் தரப்படும் தொகைகள் தனி. வட்டியும் தனி!

இந்த முப்பத்தெட்டு லட்சத்தைக் கம்பெனி கொடுப்பதற்காக நீங்கள் கட்டும் பிரீமியம் எவ்வளவு? அரசாங்கம் 2022 ஜூன் 1 முதல் நிர்ணயித்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள டூ வீலருக்கு வருஷத்துக்கு 714 ரூபாய். 1,000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094. வரி தனி. தேர்டு பார்ட்டி ரேட் அரசாங்கம் போடுவது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான். பேரம் பேசுவதெல்லாம் மற்ற பகுதியில்தான்.

அந்த 714 ரூபாயைக் கட்ட மறந்த மாதத்தில் விபத்து நடந்தால் 38 லட்சம் உங்கள் தலையில். அப்பா கட்டிய வீடு, அம்மாவின் நகை, உங்கள் சம்பளம், எல்லாவற்றின் மேலும் கோர்ட் கை வைக்கும்.

"சும்மா வீட்டுலதான் ஸார் நிக்குது, மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கறேன்" என்பதெல்லாம் செல்லாது. அந்த ஒரு தடவை போதும்!

2. பின்னால் உட்கார்ந்தவர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

ஆபீஸ் முடிந்து நண்பனை ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். அல்லது மனைவியோடு கோயிலுக்கு. தெருவில் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள், வண்டி சறுக்குகிறது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. பின்னால் இருந்தவருக்குத் தலையில் அடி.

உங்களிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி பாலிஸி. அவர் உங்கள் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்க முடியுமா?

"ஏன் முடியாது? நான் ஃபர்ஸ்ட் பார்ட்டி. அவன் மூணாவது ஆள்தானே?"

தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. சட்டம் அப்படி இல்லை. கட்டணம் வாங்காமல் ஏற்றிக்கொண்டு வந்த பின் ஸீட் ஆசாமி, சட்டம் கட்டாயமாக்கிய அந்தக் குறைந்தபட்ச பாலிஸிக்குள் வரமாட்டார் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நஷ்ட ஈடு தரவேண்டிய பொறுப்பு ஓட்டியவருக்கும் வண்டிக்காரருக்கும். அதாவது உங்களுக்கு! நண்பனின் குடும்பம் உங்கள் மேல்தான் வழக்குப் போட வேண்டியிருக்கும்.

பேக்கேஜ் பாலிஸியாக இருந்தால் கதை வேறு. அதில் பைக்கின் பின் ஸீட்காரரும், காரில் உட்கார்ந்து வருபவர்களும் அடக்கம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது. சுப்ரீம் கோர்ட்டும் 2012-ல் அதை ஏற்றுக்கொண்டது.

(எதிரே வந்த லாரிக்காரர் தப்பால் விபத்து நடந்தால் கவலை வேண்டாம். அப்போது நீங்களும் சரி, நண்பரும் சரி, அந்த லாரியின் தேர்டு பார்ட்டி. நஷ்ட ஈடு லாரியின் கம்பெனியிடமிருந்து வரும். வம்பு வருவது மணல், பள்ளம், நாய் குறுக்கே வந்த கேஸ்களில்தான்.)

பழைய வண்டி ஆயிற்றே என்று ஃபுல்லிலிருந்து தேர்டு பார்ட்டிக்கு இறங்குகிறவர்கள் வண்டியின் மதிப்பை மட்டும்தான் யோசிக்கிறார்கள். பின் ஸீட்டை யோசிப்பதில்லை. வண்டிக்கு வயசானால் விலை குறையும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிருக்குக் குறையுமா?

3. ஓட்டுகிறவர்

அடுத்தவர் தப்பு என்றால் அடுத்தவர் கம்பெனி. உங்கள் தப்பு என்றால்? உங்கள் தேர்டு பார்ட்டி பாலிஸி உங்களுக்கு உதவாது. உங்களுக்கு எதிராக நீங்களே நஷ்ட ஈடு கேட்க முடியாதே!

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் முன்னால் ஒரு வழக்கு. கர்நாடகாவில் வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் காரை ஓட்டிக் கவிழ்த்து இறந்துபோன ஒருவரின் குடும்பம் 80 லட்சம் ரூபாய் கேட்டிருந்தது. ஹைகோர்ட் கிடையாது என்றுவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.

இதற்காகத்தான் "ஓனர் கம் டிரைவர்" தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்பு பைக்குக்கு ஒரு லட்சம், காருக்கு இரண்டு லட்சம் என்றிருந்தது. 2018-ல் இரண்டுக்கும் 15 லட்சமாக உயர்த்தினார்கள். வேறு எங்காவது 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்து பாலிஸி வைத்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டாம் என்று சலுகையும் உண்டு. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வேறு பாலிஸி இருக்கிறதோ இல்லையோ, இருப்பதாக மொபைலில் ஒரு டிக். சில நூறு ரூபாய் மிச்சம்! பதினைந்து லட்சம் போச்சு!

இந்தக் காப்பில் மூன்று நுணுக்கம் உண்டு.

முதலாவது, இது ஆர்.சி.யில் பெயர் உள்ள சொந்தக்காரருக்கு மட்டும். அப்பா பெயரில் பைக், ஓட்டுவது பிள்ளை. தமிழ்நாட்டில் பாதி பைக் இப்படித்தான் ஓடுகிறது. காப்பு அப்பாவுக்கு. அவர் வீட்டில் ஈஸிசேரில் பத்திரமாக இருக்கிறார்!

இரண்டாவது, "மச்சி, சாவியைக் குடுடா" என்று நண்பன் வண்டியை வாங்கிப் போகிறவர். இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், மூன்றாவது ஆளாக அந்த வண்டியின் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது.

மூன்றாவது, இது மரணத்துக்கும் கை, கால், கண் போவது மாதிரியான நிரந்தர ஊனத்துக்கும்தான். காலில் பிளேட் வைத்த ஆஸ்பத்திரி பில் இதில் வராது. அதற்கு மெடிக்ளெய்ம்.

பரிகாரம் ரொம்ப சுலபம். யார் ஓட்டுகிறார்களோ அவர் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிஸி. எந்த வண்டியில் போனாலும், பஸ்ஸில் போனாலும், பாத்ரூமில் வழுக்கினாலும் கூடவே வரும்.

4. வண்டி

கடைசியில்தான் வண்டி. நமக்கு மட்டும் இதுதான் முதலில்!

ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் ஒர்க்‌ஷாப் பில் முழுவதும் கம்பெனி கொடுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பில்லைப் பார்த்ததும் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு சண்டை. "அப்புறம் எதுக்கு ஸார் ஃபுல் இன்ஷூரன்ஸ்?"

விஷயம் இதுதான். இன்ஷூரன்ஸ் நஷ்டத்தை ஈடு கட்டும், லாபம் தராது. உங்கள் பழைய பம்பர் உடைந்ததற்குப் புது பம்பர் கொடுத்தால் அது லாபம்! அதனால் தேய்மானம் கழிக்கிறார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இவற்றுக்கு 50 சதவிகிதம். ஃபைபருக்கு 30. கண்ணாடிக்கு ஒன்றும் கிடையாது. உலோக பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பொறுத்து. ஆறு மாதம் வரை கழிவில்லை. மூன்றிலிருந்து நாலு வருஷ வண்டி என்றால் 25, பத்து வருஷத்தைத் தாண்டினால் 50.

இதோடு கட்டாயப் பிடித்தம் ஒன்று. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு, ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்களுடையது. அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. டூ வீலருக்கு 100. ஆக 8,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பருக்குக் கம்பெனி தருவது 4,000-ல் 1,000 போக, 3,000.

தேய்மானம் கழிக்க வேண்டாம் என்றால் கூடுதல் பிரீமியம் கட்டி "ஜீரோ டெப்ரிஸியேஷன்" சேர்க்க வேண்டும். ஊர் பாஷையில் "பம்பர் டு பம்பர்". பொதுவாக ஐந்து வயசுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் தருகிறார்கள். அதிலும் கட்டாயப் பிடித்தம் உண்டு.

இன்னொரு வார்த்தை ஐ.டி.வி. உங்கள் வண்டிக்கு கம்பெனியும் நீங்களும் ஒப்புக்கொண்ட மதிப்பு. வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு இந்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டி "டோட்டல் லாஸ்" ஆனாலோ கணக்கு இதிலிருந்துதான். "ஐ.டி.வி.யைக் கொஞ்சம் இறக்கிப் போட்டா பிரீமியம் குறையும் ஸார்" என்று ஏஜெண்ட் சொன்னால், திருடு போகும்போது கிடைப்பதும் அதே அளவு இறங்கும் என்று அர்த்தம். அவர் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார்!

டீக்கடைச் சட்டங்கள்

இனி, டீக்கடையில் கேட்டுக் கேட்டு நாம் உண்மை என்றே நம்பிவிட்ட சில சட்டங்கள்.

*"புது பைக். அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு!"*

2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு, சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி, புது டூ வீலருக்கு ஐந்து வருஷமும் புது காருக்கு மூன்று வருஷமும் ஷோரூமிலேயே போட்டுவிடுகிறார்கள். எதை? தேர்டு பார்ட்டியை! சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் வருஷம் மட்டும்தான். இரண்டாம் வருஷம் பைக் திருடு போன பிறகு பாலிஸியைப் படித்து என்ன பிரயோஜனம்? இரண்டு பகுதிக்கும் தனித்தனி முடிவுத் தேதி போட்டிருக்கும். பாருங்கள்.

*"வித்துட்டேன் ஸார். நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."*

பணம் வாங்கிக்கொண்டு, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அந்த வழக்கில் கார் கை மாறிக் கை மாறி எங்கேயோ போயிருந்தது. ஆர்.சி. மட்டும் மாறவில்லை. விபத்துக்குப் பொறுப்பு ஆர்.சி.க்காரர் மேல் விழுந்தது. விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கும் சொல்லிவைப்போம். தேர்டு பார்ட்டி காப்பு வண்டியோடு கூடவே வரும். சொந்தச் சேதக் காப்பு தானாக வராது. 14 நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

*"நோ க்ளெய்ம் போனஸா? அது வண்டியோட போயிடுச்சு."*

போகாது. போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேத பிரீமியத்தில் 20 சதவிகிதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45, ஐந்தாம் வருஷம் 50. பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பாலிஸி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த போனஸ் காலி.

*"பிரீமியம் கட்டறோம்ல, சின்னக் கீறலுக்கும் க்ளெய்ம் போடு!"*

ஒரு சின்னக் கணக்கு. போனஸ் கழிப்பதற்கு முன்னால் சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய், உங்கள் போனஸ் 50 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அடுத்த ஐந்து வருஷத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500! வருஷா வருஷம் வண்டி மதிப்பு இறங்குவதால் கொஞ்சம் குறையலாம். எப்படியும், கைக்கு வரப்போகிற இரண்டாயிரத்துக்காக இது தேவையா? சின்னச் செலவைக் கையிலிருந்து போடுங்கள். க்ளெய்மைப் பெரிய அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*"வெள்ளத்துல மூழ்கிடுச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்!"*

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை இந்தப் பாடத்தைப் படித்தது. பேக்கேஜ் பாலிஸியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகினால் என்ன ஆகும்? காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சர்வேயர் வந்து பார்த்து, "இது வெள்ளம் செய்த சேதமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று எழுதிவிடுவார். எஞ்சின் பில் உங்கள் கையில். "எஞ்சின் புரொடெக்‌ஷன்" தனியாகச் சேர்த்திருந்தால்தான் தப்பிக்கலாம். தாழ்வான இடத்தில் பார்க்கிங் உள்ளவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை அப்படியே போட்டோ எடுங்கள். கம்பெனிக்குச் சொல்லுங்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

*"ரெண்டு பெக்தான். ஸ்டெடியாத்தான் ஓட்டினேன்."*

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சட்டப்படி நீங்கள் ஸ்டெடி இல்லை. உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. அடிபட்டவருக்குக் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட் உத்தரவிடலாம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தாலும் இதே கதைதான். "தம்பி பத்தாவது படிக்கிறான், தெருமுனை கடை வரைக்கும்தான்" என்கிறீர்களா? 2019 சட்டத் திருத்தப்படி அதற்குப் பெற்றோர் அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும்!

*"திருடு போச்சு. ரெண்டு நாள் தேடிப் பார்த்துட்டுச் சொல்லலாம்."*

அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்குங்கள். அன்றைக்கே கம்பெனிக்கும் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. அதற்காகச் சும்மா இருந்துவிட வேண்டாம். கேஸ் போட்டு ஜெயிப்பதைவிட ஒரு போன் செய்வது சுலபம். இன்னொன்று, இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஸ்பேர் சாவி எங்கே என்று இப்போதே தேடி வையுங்கள்.

இன்று ராத்திரி பத்து நிமிஷம்

சாப்பிட்டு முடித்ததும் பாலிஸியை எடுங்கள். மொபைலில் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். முழுவதும் படிக்க வேண்டாம், அது தூக்க மாத்திரைக்குச் சமம். முதல் பக்கத்தில் ஆறு விஷயம் மட்டும்.

தலைப்பில் என்ன போட்டிருக்கிறது? "லயபிலிட்டி ஒன்லி" என்றால் வெறும் தேர்டு பார்ட்டி. "பேக்கேஜ்" என்றால் ஃபுல்.

தேர்டு பார்ட்டிக்கும் சொந்தச் சேதத்துக்கும் முடிவுத் தேதி ஒன்றா, வேறா?

பெயர், ஆர்.சி.யில் உள்ள பெயர்தானா?

ஓனர் டிரைவர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதா?

பின் ஸீட்காரருக்கோ காரில் வருபவர்களுக்கோ தனிநபர் விபத்துக் காப்பு சேர்த்திருக்கிறதா? இல்லாவிட்டால் ஏஜெண்டிடம் கேட்டுச் சேருங்கள். வாய் வார்த்தை வேண்டாம், பாலிஸியில் வரவேண்டும்.

ஐ.டி.வி. எவ்வளவு, போனஸ் எத்தனை சதவிகிதம்? முந்தைய வருஷம் க்ளெய்ம் வாங்கிவிட்டு, இல்லை என்று ஏஜெண்ட் போட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். பொய் போனஸ், பின்னால் க்ளெய்மையே கவிழ்க்கும்.

நியாயமான க்ளெய்மைக் கம்பெனி மறுத்தால் முதலில் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள். அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் ஆபீஸ் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு, நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது பின்னால் யாராவது ஏறினால் இன்னொரு ஹெல்மெட்டையும் நீட்டுங்கள். பிரீமியம் இல்லாத இன்ஷூரன்ஸ் அது ஒன்றுதான்!